கல்லாப்பெட்டியை நாணயப் பேழையாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். சாய்வான மூடி, அதில் காசு போட ஒரு வாய், உள்ளே விரலால் வழித்தெடுக்க வசதியாகக் கிண்ணம் போலக் குடைந்த குழிகள், எங்கேயோ ஒரு பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கள்ள அறை. தரையில் சம்மணமிட்டு வியாபாரம் பார்த்த கடைக்காரர்களுக்காக ஆசாரிகள் செய்து கொடுத்த பெட்டி அது. நாணயம் சேர்க்கிறவர் கண்ணில் பட்டால், இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு தேக்குப் பெட்டியை வாங்கி வந்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, காசுகளை அடுக்கி மூடி வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து திறந்தபோது தரங்கம்பாடியில் டேனியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஈயக் காசு ஒன்றின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் பூத்திருந்தது. துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வந்தது. முந்நூறு வருடம் மண்ணிலும் மனிதர் கையிலும் தாக்குப்பிடித்த காசு அது. என் பெட்டியில் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை.

அதன் பிறகுதான் ஒன்று உறைத்தது. கல்லாப்பெட்டி காலையில் விழுந்து இரவில் எண்ணி எடுக்கப்படும் காசுக்காகச் செய்யப்பட்டது. நம் தொகுப்போ இருபது, முப்பது வருடம் அதற்குள் மூடிக் கிடக்கப்போகிறது. அவ்வளவு காலம் மூடிய இடத்தில் மரம் விடும் ஆவி உலோகத்தைத் தின்னும். ஆகவே வேலை இரண்டு. பெட்டியின் மூச்சு காசின் மேல் படாமல் தடுக்க வேண்டும். அதற்காகச் செய்யும் எதுவும் பெட்டியைக் காயப்படுத்தக் கூடாது: ஒரு ஆணிகூட அடிக்காமல், நாளைக்கே எல்லாவற்றையும் எடுத்தால் பெட்டி பழையபடி கல்லாப்பெட்டியாகவே இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துச் செய்தவை.

எந்தப் பெட்டியை எடுக்கலாம்?

கல்லாப்பெட்டிதான் என்று இல்லை. இழுப்பறை வைத்த பழைய எழுதுமேசை, ஹோமியோபதி மருந்துப் பெட்டி, தையல் மிஷின் மேசையின் சிறு டிராயர்கள் எல்லாம் உதவும். அச்சுக்கூடங்கள் மூடப்பட்டபோது வெளியே வந்த எழுத்துக் கேஸ்கள் (அச்செழுத்துகளைப் பிரித்துப் போடும் சிறுசிறு அறைத் தட்டுகள்) பார்வைக்கு நாணயத்துக்கென்றே செய்தவை போலிருக்கும். ஆனால் அச்செழுத்து காரீயம், வெள்ளீயம், ஆன்டிமணி கலந்த உலோகம். அதன் தூள் மரத்தின் இடுக்கெல்லாம் படிந்திருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மரத்தில் ஓக் மிக மோசம். அது விடும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை நேராகத் தாக்கும். வெள்ளைக்காரர் காலத்து மேசை, அலமாரிகளில் ஓக் உண்டு, பார்த்து வாங்குங்கள். தேக்கு நடுத்தரம். மகோகனி சாது, மேற்கத்திய நாணய அலமாரிகளைப் பெரும்பாலும் மகோகனியில் செய்தது அதனால்தான். மரத்துக்கு வயதானால் அமில ஆவி குறையுமே தவிர நிற்காது. சந்தனப் பெட்டியும் கற்பூரமரப் பெட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால், அந்த வாசனையெல்லாம் காசின் மேல் படியப்போகிற பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பலகையைக் கட்டாயம் பாருங்கள். பல பெட்டிகளில் அது மெல்லிய பலகையாக, நாலைந்து ஆணியில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். காசு நிறைந்த தட்டுகள் 14, 15 கிலோ வரும்.

வாங்கியதும் வண்டு சோதனை

பெட்டியை வெள்ளைத் துணி அல்லது தாள் மேல் வைத்து இரண்டு வாரம் அசைக்காமல் விடுங்கள். அடியில் புதிதாக மாவு போன்ற மரத்தூள் விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் அது பெரும்பாலும் பழைய கதை.

வண்டு இருந்தால் வாடை வீசும் பூச்சிமருந்தைத் தேடிப் போகாதீர்கள். வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் ஏறாத உட்பகுதியிலும் அடியிலும் தூரிகையால் பூசலாம். இந்த உப்புகள் ஆவியாகிப் பரவுவதில்லை. பூசிய பிறகு நிழலில் நன்றாக உலரவேண்டும்; மூன்று, நான்கு வாரம் பொறுங்கள். அந்துருண்டை, கற்பூரம் இரண்டும் இந்தப் பெட்டிக்குள் எப்போதுமே நுழையக் கூடாது. அவற்றின் ஆவி குளிர்ந்து காசின் மேல் படியும்.

சுத்தம் செய்வது

உலர்ந்த தூரிகை, வேக்யூம் கிளீனர், பிறகு லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி. இவ்வளவுதான். மஞ்சள், குங்குமக் கறை போகவில்லை என்றால் போகட்டும். எத்தனையோ ஆயுத பூஜை பார்த்த பெட்டி அது. வினிகர் கலந்து துடைக்கச் சொல்கிற வீட்டுக்குறிப்புகளை இங்கே பின்பற்றாதீர்கள். நாம் எந்த அமிலத்துக்குப் பயப்படுகிறோமோ, வினிகர் அதுவேதான்.

வெளியே பாலிஷ் மங்கியிருந்தால் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பழைய முறைப் பாலிஷ் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேல்தோலை எடுத்துவிட்டால் நூறு வருடக் கைப்பட்ட மெருகு போய்விடும், திரும்ப வராது. பித்தளைப் பூண்களையும் பளபளவென்று தேய்க்க வேண்டாம். உட்புறத்தில் வார்னிஷோ ஆயில் பெயின்ட்டோ அடிக்கவே கூடாது. உலர்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அவை வெகுநாள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

பெட்டியிடமே கேட்டுப் பாருங்கள்

1973-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனையை வகுத்தார். ஒரு பொருள் உலோகத்துக்குக் கெடுதல் செய்யுமா என்று பார்க்க, அதன் சிறு துண்டை வெள்ளி, செம்பு, காரீயத் தகடுகளோடு ஈரப்பதம் நிறைந்த மூடிய குடுவையில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். பக்கத்திலேயே பொருள் எதுவும் வைக்காத இன்னொரு குடுவை. இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் இன்றும் இதைச் செய்கின்றன.

வீட்டில் 60 டிகிரியை ஒரு மாதம் பிடித்து வைக்க முடியாது. அதற்குப் பதில் நாளைக் கூட்டலாம். மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்று (அது காரீயமாக இருக்க வேண்டும், தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் ஈயம் என்றுவிடுவதால் கடையில் கேட்டு வாங்குங்கள்), தோலுரித்த செம்புக் கம்பித் துண்டு, பழைய வெள்ளி மெட்டி. மூன்றையும் நன்றாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, கையால் தொடாமல் சிறு கண்ணாடித் தட்டில் வைத்துப் பெட்டிக்குள் மூடுங்கள். அதே போல இன்னொரு மூன்றை ஒரு கண்ணாடி ஜாடியில் மூடிப் பக்கத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதில் மழைக்காலமும் அடங்கினால் நல்லது.

ஈயத்தில் வெள்ளைப் பொடி என்றால் அமில ஆவி. வெள்ளி கறுத்தால் எங்கேயோ கந்தகம் இருக்கிறது. பழைய ரப்பர், கம்பளி, ஒட்டியிருக்கும் செய்தித்தாள் எதுவாவது உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். நான் தாண்டித்தான் அந்தத் தரங்கம்பாடிக் காசை இழந்தேன்.

உள்ளுறை: பெட்டிக்குள் ஒரு பெட்டி

மரத்துக்கும் காசுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும். விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்பேக் ஷீட் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அது பாலிபுரொப்பிலீன், நாணயத்துக்குத் தீங்கில்லாத பிளாஸ்டிக்குகளில் ஒன்று. அச்சிடாத வெள்ளை ஷீட், 3 மி.மீ. கனத்தில் வாங்குங்கள்.

பெட்டியின் உட்கூட்டை மூன்று இடத்தில் அளக்கவேண்டும், ஏனென்றால் பழம்பெட்டி எதுவும் சதுரமாக இருக்காது. கிடைத்ததில் மிகக் குறைந்த அளவை எடுத்து அதிலும் இரண்டு நூல் (கால் அங்குலம்) குறைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் அடியும் நான்கு சுவரும் ஒரே துண்டாக வருமாறு வரைந்து, மடிக்கிற கோட்டில் மேல்தோலை மட்டும் கத்தியால் கீறி, தொட்டி போல மடியுங்கள். மூலைகளை ஒட்ட வேண்டாம், பருத்தி நூலால் இரண்டு தையல் போதும். தொட்டியின் வெளிப்பக்கத்தில், மரத்தைப் பார்க்கும் பக்கத்தில், சமையலறை அலுமினியத் தாளை இரண்டடுக்காகச் சுற்றி விளிம்பில் உள்ளே மடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஆவியின் வேகத்தைக் குறைக்கும். உலோகத் தாள்தான் முழுதாகத் தடுக்கும். மேலே மூட அதே ஷீட்டில், அதே தாள் சுற்றிய ஒரு தட்டை மூடி. எல்லாம் பெட்டிக்குள் அழுந்த உட்கார்ந்துகொள்ளும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காயும்போதும் அதன் பிறகும் அசெட்டிக் அமில ஆவியை விடும். வினிகர் வாடை வரும் சிலிகான் சீலன்ட்டும் அப்படியே. பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு மூன்றிலும் உள்ள பிசின் ஃபார்மால்டிஹைடு விடும். என் முதல் பெட்டியில் தேக்கோடு வெள்ளைப் பசையும் சேர்ந்துகொண்டு ஈயத்தைத் தின்றது. கடைகளில் அழகாக விற்கும் நாணயப் பெட்டிகளிலும் இந்தப் பலகையும் பசையும்தான் பெரும்பாலும் இருக்கின்றன.

தட்டுகள்

குழி போட்ட தட்டில் காசு அடுக்குவது வெளியூரிலிருந்து வந்த யோசனை என்று நினைக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் வெள்ளிச் சக்கரங்களை எண்ணச் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். சக்கரம் மிளகை விடச் சற்றே பெரிய காசு. ஒவ்வொன்றாக எண்ணினால் விடிந்துவிடும். வரிசையாகக் குழி வெட்டிய பலகையில் ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக நிரம்பும், மிஞ்சியதை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதே பலகைதான்.

10 மி.மீ. கனமுள்ள மகோகனிப் பலகை நல்லது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வளர்க்கிறார்கள், மரக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அக்ரிலிக்கைத் தயங்காமல் எடுங்கள். 3 மி.மீ. ஷீட்டில் வட்டத் துளைகள் வெட்டி, அடியில் 2 மி.மீ. ஷீட் வைத்து எஃகுத் திருகில் இணைத்தால் தட்டு தயார். லேசர் கட்டிங் கடைகள் இப்போது சிறு நகரங்களிலும் உண்டு. வெட்டிய வாடை போகும்வரை ஒரு வாரம் காற்றில் வைக்க வேண்டும்.

மரமென்றால் ஆசாரியிடம் ஃபோர்ஸ்ட்னர் பிட் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பாகம் சமமாக வரும் வட்டக் குழியை அதுதான் போடும். சாதாரணத் துளைப்பான் நடுவில் கூம்பாகத் தோண்டிவிடும். குழியின் ஆழம் 4 மி.மீ. குழி காசைவிட 4, 5 மி.மீ. அகலமாக இருக்கட்டும், ஓரத்தில் விரலை அழுத்தினால் மறு ஓரம் எழும்பிவரும்.

என் பெட்டியின் உள்ளே தட்டு 24 செ.மீ.க்கு 34 செ.மீ. வந்தது. அதில் குழிக்கும் குழிக்கும் 5 மி.மீ. இடைவெளி விட்டுக் கணக்குப் போட்டேன். வெள்ளி ரூபாய்க்கும் (விட்டம் 30 மி.மீ.க்குச் சற்று மேல்) சென்னை மாகாணத்தின் 20 காசு நாணயத்துக்கும் 35 மி.மீ. குழி, ஒரு தட்டில் 40. காலணா, அரை ரூபாய் அளவுக்கு 30 மி.மீ. குழி, 54. நாயக்கர் காலச் செப்புக்காசு, சோழர்காலச் சிறு காசுகளுக்கு 20 மி.மீ. குழி, 117. சதுர இரண்டணாவும் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணாவும் வட்டக் குழியிலேயே இருந்துகொள்ளும், தனியாக வெட்டத் தேவையில்லை. பணம் என்னும் குட்டித் தங்கக் காசும் சக்கரமும் குழியில் தொலைந்துபோகும். அவற்றைப் பாலியெஸ்டர் உறையிலிட்டு வையுங்கள்.

வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம். 40 என்றால் 466 கிராம், தட்டின் எடையும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். ஆகவே அடுக்கில் கனமானவை கீழே, சிறியவை மேலே. கீழ்த்தட்டை எடுக்க விரல் நுழையாது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் பருத்தி நாடாவை ஓடவிட்டு இரு பக்கமும் நுனியை மேலே நீட்டி வையுங்கள், பிடித்துத் தூக்கலாம்.

குழிக்குள் என்ன விரிப்பது? வெல்வெட்டின் சாயமும் பசையும், கம்பளியின் கந்தகமும் வேண்டாம். கோரா துணியை (வெளுக்காத பருத்தித் துணி) கஞ்சி போக வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்து வட்டமாக வெட்டிப் போடலாம். அல்லது ஒன்றுமே வேண்டாம். காசின் விவரம் எழுதிய அமிலமற்ற தாள் வட்டம் ஒன்று அடியில் இருந்தால் போதும். அதையும் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் மை நாளடைவில் பரவும்.

எந்தக் காசு எங்கே?

வெள்ளியும் தங்கமும் மரத் தட்டில் இருக்கலாம். வெள்ளிக்கு நகைக்கடைகளில் கிடைக்கும் கறுப்படையாமல் காக்கும் தாள் துண்டு ஒன்றை உள்ளுறையில் போட்டு வைத்து வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஈயம் மரத்தின் பக்கமே போகக் கூடாது, மகோகனியானாலும் சரி. சாதவாகனர் ஈயக் காசு, தரங்கம்பாடிக் காசு எல்லாம் பாலிபுரொப்பிலீன் டப்பாவில். பிவிசி ஆல்பத்தில் எந்தக் காசையும் வைக்காதீர்கள். பளபளவென்று வளைந்து, புது ரெயின்கோட் வாடை வீசினால் அது பிவிசி. சில வருடத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

மண்ணிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்த செப்புக்காசுகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் கடலோர ஊர்களிலும் கிடைப்பவற்றில் குளோரைடு உப்பு உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். உயிரின் மலத்தை, அதாவது ஆணவ அழுக்கை, செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தம் உவமிக்கும். வெளியே இருந்து ஒட்டியதில்லை, கூடவே பிறந்தது என்பதற்காகச் சொன்னது. இந்தக் காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஈரப்பதம் ஏறியதும் அந்த உப்பு விழித்துக்கொண்டு வெளிர்பச்சைத் தூளாகப் பொரிந்து காசை உள்ளிருந்தே அரிக்கும். கரும்பச்சையாக, இறுகி, நகத்துக்கு வராமல் இருக்கும் படலம் வேறு. அது காசின் கவசம், அதைச் சுரண்டாதீர்கள். தூள் உதிர்கிற காசை மட்டும் உடனே பிரித்தெடுங்கள்.

அவற்றுக்கு 40 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் வேண்டும். சென்னையில் முழுக் கல்லாப்பெட்டியையும் அந்த அளவுக்கு உலர்த்தப் பார்த்தால் மரம் சுருங்கி மூட்டு விட்டுப்போகும். ஆகவே பெட்டியை விட்டுவிட்டு ஒரு டப்பாவை மட்டும் உலர்த்துங்கள். ரப்பர் வளையம் வைத்த மூடியில் கந்தகம் இருக்கலாம் என்பதால் சிலிகான் வளையமுள்ள, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் டப்பா. லிட்டருக்கு 20 கிராம் சிலிகா ஜெல்; 5 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். நீலநிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் சில மணிநேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை டப்பாவிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள்.

அடுக்கும் முன்பு காசைத் தேய்க்கிற ஆசை வரும். புளி, எலுமிச்சை, திருநீறு எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அவை நல்லவை; காசில் தேய்த்தால் எழுத்தின் முனையும் விலையும் ஒருசேரப் போகும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி இருக்கும் இடம்

மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். பூஜை அறையும் வேண்டாம்: சாம்பிராணி, கற்பூரம், எண்ணெய்ப் புகை. தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

மூடியில் காசு போடும் வாயை அடைக்க மறந்துவிடுவார்கள். தூசியும் பல்லிமுட்டையும் அது வழியாகத்தான் வரும். சன்பேக் துண்டு ஒன்றை உள்ளிருந்து செருகினால் போதும்.

விலையுயர்ந்த காசுகளுக்குக் கல்லாப்பெட்டியின் பூட்டு பாதுகாப்பில்லை. அவை வங்கி லாக்கரில் இருக்கட்டும். எல்லாக் காசுக்கும் இரு பக்கப் படம், எடை, விட்டம், தட்டு எண், குழி எண் எழுதிய பட்டியல் ஒன்றைப் பெட்டிக்கு வெளியே வைத்திருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வாங்கி அனுப்ப நினைத்தால், நூறு வயதைத் தாண்டிய காசும் பெட்டியும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தனியார் ஏற்றுமதிக்குத் தடைசெய்யப்பட்டவை.

வருடத்தில் இரண்டு முறை எல்லாத் தட்டையும் வெளியே எடுப்பது என் வழக்கம். சித்திரையில் ஒன்று, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒன்று. உள்ளுறையைத் தூக்கி மரத்தைப் பார்ப்பேன், வண்டுத்தூள் இருக்கிறதா என்று. ஒவ்வொரு தட்டிலும் மேல் மூலையில் ஒரு சிறு ஈயத்துண்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன். காசைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்க்கிறேன். அது மங்கலாக, ஆனால் வெள்ளைப் பொடியில்லாமல் இருந்தால் தட்டை அப்படியே உள்ளே வைத்துவிடலாம்.